நடுவிலவன் ஓட்டிய தேர்

நூறு ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவனைக் காணோம் என்று கண்டுபிடிப்பதற்குள் அவனே பசித்துத் திரும்பி வந்துவிடுவான். அந்த அரண்மனையின் நிலைமை அப்படி. ராஜாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கட்டிக்கொண்டவருக்கு இல்லாத வெளிச்சம் தனக்கு மட்டும் எதற்கு என்று ராணியும் வாழ வந்த நாளிலேயே கண்களைத் துணியால் கட்டிக்கொண்டுவிட்டாள். அவர்களுக்குப் பிறந்தவர்கள் நூறு மகன்கள், கடைசியாக ஒரே ஒரு மகள். பின்னாளில் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. இது அதற்கு ரொம்ப முந்தி, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வளர்ந்த காலத்தில் நடந்தது.

மூத்தவனை ராஜாவுக்கு நன்றாகத் தெரியும். அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் குரல் வந்துவிடும். அடுத்தவனையும் தெரியும், அண்ணன் எது சொன்னாலும் முதலில் சிரிப்பவன் அவன். கடைசியில் பிறந்த நாலைந்து பேர் செல்லப்பிள்ளைகள், அப்பா மடியிலேயே கிடந்து வளர்ந்தவர்கள். சங்கடமெல்லாம் நடுவில் பிறந்தவர்களுக்குத்தான். நம்முடையவன் அந்த நடுவிலும் நட்டநடுவில் பிறந்தவன். எதிரிகளைக் குலைநடுங்க வைக்கும் பொருளில் அவனுக்கும் ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்ட காரியம் மறந்துபோகும் என்பதால் யாரும் சொல்வதில்லை. அண்ணன்களுக்கு அவன் ‘நடுவிலவன்’. தங்கை மட்டும் தன் வசதிக்கு ஒவ்வொரு அண்ணனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். தும்மலண்ணன், குறட்டையண்ணன், கண்ணாடியண்ணன் என்ற வரிசையில் இவன் குதிரையண்ணன்.

காரணம், விடிந்ததும் அவனை லாயத்தில்தான் பார்க்கலாம். வாள்வீச்சில் அவன் சுமார். சபைப் பேச்சில் சுமாருக்கும் கீழே. குதிரை விஷயத்தில் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை. எந்தக் குதிரைக்கு எந்தப் பக்கம் சொரிந்தால் பிடிக்கும், எது இடி கேட்டால் மிரளும், எது பக்கத்துக் குதிரையின் புல்லைத் திருடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அழுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கையெல்லாம் அச்சு மசகோடு அவன் நிற்பதைப் பார்த்தால் ராஜா வீட்டுப் பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். ஒரு குளிர்காலத்தில் தாழ்வாரத்தில் அப்பாவுக்கு எதிரே வந்து ஒதுங்கி நின்றான். குதிரை வாசனையை முகர்ந்த ராஜா, பாவம், லாயத்து ஆள் போலிருக்கிறது, குளிரில் நிற்கிறான் என்று தன் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவனும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான். தங்கையிடம் சொன்னபோது அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். ஆனாலும் அந்தச் சால்வையை அவன் போர்த்திக்கொண்டதே இல்லை.

ராஜா அடிக்கடி ஊரின் மறுகோடியில் இருந்த தன் பெரியப்பாவின் மாளிகைக்குத் தேரில் போய்வருவார். தேரோட்டி பழைய ஆள், நாக்கில் தேன் தடவியவர். வழி நெடுக, ஜனங்கள் இருபுறமும் கைகட்டி நிற்கிறார்கள் மகாராஜா, முகமெல்லாம் பூர்ண சந்திரன் மகாராஜா என்று சொல்லிக்கொண்டே வருவார். அப்படிச் சொல்லச் சொல்லி மந்திரியின் உத்தரவு. ராஜா ‘ம்’ என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு நாள் காலை, தேர் பூட்டியாகிவிட்ட நேரத்தில் தேரோட்டி ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ராஜா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். லாயத்தில் அப்போது நுகத்தடியில் கை வைக்கத் தெரிந்தவன் நடுவிலவன் ஒருவன்தான். தேரோட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒரு தடவை காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார். கெஞ்சியிருக்கவே வேண்டாம். கரும்பு தின்னக் கூலியா கேட்பான்?

தேர் வாசலுக்கு வந்ததும் ராஜா படியில் கால் வைத்து ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரப்பா புதுசா? குதிரைங்க நடை மாறியிருக்கே."

‘உங்கள் மகன்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தான். சொன்னால் அப்பா அடுத்து என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். எந்த மகன் என்பார். இவன் அந்த நீளப் பெயரைச் சொல்லவேண்டும். அவர் யோசிப்பார். பிறகு நினைவு வந்தவர் மாதிரி, ஓ, நீயா, நல்லா இருக்கியா என்பார். அந்த ‘ஓ’வைக் கேட்பதற்கு இவன் தயாராக இல்லை.

"பழையவருக்குக் கால் வீங்கிப்போச்சு, மகாராஜா. இன்னைக்கு நான் ஓட்டுறேன்" என்றான்.

தேர் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. வழக்கமான வர்ணனை வரவில்லையே என்று ராஜா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, தெருவில் என்ன நடக்கிறது என்று தானே கேட்டார். நடுவிலவனுக்குச் சபைப் பேச்சு வராது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"நடுத்தெருவுல ஒரு நாய் படுத்திருக்கு, மகாராஜா. வழி விடமாட்டேங்குது."

"நம்மளைப் பார்த்துமா?"

"பார்த்துச்சு. பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். போச்சு, தலை தப்பாது என்று நினைத்தபோது தேர் குலுங்கியது. திரும்பிப் பார்த்தால் ராஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் சொல்லு என்றார்.

அப்புறம் அவனுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. நாவிதன் கடையில் பாதி மீசை மழித்த நிலையில் ஒரு ஆள் ராஜாவுக்காக எழுந்து நிற்பதையும், மீதிப் பாதிக்காக நாவிதன் கத்தியோடு அவனைச் சுற்றிச் சுற்றி வருவதையும் சொன்னான். சாயக்காரர் வீட்டு வாசலில் ஒரு சின்னப்பெண் தொட்டிக்குள் கையைவிட்டுவிட்டு, நீலக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னான். அவள் அம்மாவின் புடவையில் ஏற்கெனவே ஐந்து விரலும் பதிந்திருந்தது, அது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சிரித்துச் சிரித்து ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. ஜனங்கள் கும்பிடவில்லையா என்று கேட்டார்.

"சில பேர் கும்பிடுறாங்க, மகாராஜா. சில பேருக்கு வேலை இருக்கு."

அந்தப் பதில் ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெருக்கோடி வந்ததும், பெரியப்பா வீடு வேண்டாம், அவர் போன தடவை சொன்ன கதையையே இந்தத் தடவையும் சொல்வார் என்று சொல்லிவிட்டு, கூட வந்த காவல்காரர்களைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் தயங்கினார்கள். ராஜா தொண்டையைச் செருமினார். தயக்கம் போய்விட்டது. ஆற்றுப்பக்கம் விடு என்றார்.

ஊர் தாண்டியதும் சாலை அமைதியாக இருந்தது. ராஜா அவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றான். தனக்கு நூறு பேர் என்றார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றான்.

"நூறு பேரையும் அடையாளம் தெரியுமா, மகாராஜா?" இதை எப்படிக் கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை. குதிரைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

ராஜா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"மூத்தவனுங்களைத் தெரியும். குட்டிப் பசங்களைத் தெரியும். நடுவுல இருக்கிறவனுங்க பேசினா கூரை மேல மழை பெய்யிற மாதிரி இருக்கு. எந்தத் துளி எதுன்னு எப்படிச் சொல்றது?"

"கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

"கேட்டா, அப்பனுக்குத் தெரியலைன்னு ஆயிடுமே. எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை, தம்பி. பெத்த பிள்ளையைத் தெரியலைன்னு எந்த வாயால சொல்றது? அதான், மகனேன்னு பொதுவாக் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

 நடுவிலவனுக்கு வந்ததைக் கோபம் என்று சொல்லமுடியாது. இத்தனை வருஷமாக அப்பாவுக்குத் தன்மேல் அக்கறை இல்லை என்றல்லவா நினைத்திருந்தான். அந்தப் பக்கமும் இதே கூச்சம்தான் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யோசனையில் பாதையைக் கோட்டைவிட்டான். ஆற்றங்கரையில் மேலே காய்ந்து, அடியில் கூழாகக் கிடந்த மண்ணில் தேரின் இடதுசக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

இறங்கித் தள்ளிப் பார்த்தான். கல் வைத்துப் பார்த்தான். குதிரைகளைத் தாஜா செய்தான், அதட்டினான். தேர் அசைந்து கொடுக்கவில்லை. சுற்றுவட்டத்தில் ஒரு மனிதர் கிடையாது, காவல்காரர்களையும் அனுப்பியாயிற்று.

நான் இறங்குகிறேன் என்றார் ராஜா.

"வேண்டாம், மகாராஜா. முழங்கால் வரைக்கும் சேறு."

"இருந்தா என்ன? என் கண்ணுக்குத் தெரியவா போகுது?"

சொன்னதோடு நிற்கவில்லை, இறங்கியே விட்டார். அந்த ராஜாவின் கைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண்ணில் வைக்காத பலத்தையும் சேர்த்துக் கடவுள் அவர் தோளில் வைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. இளவயதில் அவர் கட்டித் தழுவினால் எதிராளி தன் எலும்புகளை எண்ணிக்கொள்ளவேண்டும். அப்பேர்ப்பட்டவரை அரண்மனையில் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார்கள். படி இருக்கிறது மகாராஜா, நிலை தட்டும் மகாராஜா என்று இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளும். ஒரு குடம் தண்ணீரைக்கூட அவரைத் தூக்கவிட்டதில்லை.

நடுவிலவன் அவர் கையைப் பிடித்து அச்சின்மேல் வைத்தான். தடவிப் பார்த்தார். எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் தள்ளுவது என்று கேட்டுக்கொண்டார். பட்டு மேலாடையைச் சுருட்டித் தேருக்குள் எறிந்துவிட்டு, நீ போய்க் குதிரையைப் பார் என்றார். மூச்சை இழுத்தார். சேறு ஒரு பெரிய விக்கல் விக்கியது. அப்படியே சக்கரத்தோடு தேர் மேலே வந்தது. குதிரைகள் பயந்து ஒரே பாய்ச்சலாக முன்னால் பாய, பிடித்திருந்தது கையைவிட்டுப் போய், ராஜா நெடுஞ்சாண்கிடையாகச் சேற்றில் முகம் குப்புற விழுந்தார்.

"அப்பா!"

கடிவாளத்தை எறிந்துவிட்டு நடுவிலவன் ஓடினான். தூக்கி உட்காரவைத்து, தன் துணியால் முகத்தைத் துடைத்து, அடிபட்டதா, எங்கே வலிக்கிறது என்று படபடத்தான். ராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியிலிருந்து சேறு சொட்டியது.

"இப்ப என்னன்னு கூப்பிட்டே?"

இனி மறைத்து என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அந்த நீளப் பெயரை முழுசாகச் சொன்னான். தன் வாயால் அதைச் சொல்லி எத்தனை காலமாயிற்றோ, நடுவில் ஓரிடத்தில் திக்கியது.

"ஏன்டா முதல்லயே சொல்லலை?"

"சொன்னா, எந்த மகன்னு கேட்டிருப்பீங்க."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருப்பேன் என்று முணுமுணுத்தார்.  பிறகு, தேரிலே நான் பேசியதெல்லாம் உன்னைப் பற்றித்தானா என்று கேட்டார். என்னைப் பற்றியும்தான் என்றான் மகன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தாயே என்றார். நீங்களும்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள் என்றான். சொன்னபிறகுதான் ராஜாவிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. ராஜாவோ சேற்றுக் கையால் அவன் பிடரியைப் பிடித்து இழுத்துத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். ஊர்ப்பேச்சு பொய்யில்லை. அவனுக்கு எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. விடுங்கள் என்று அவன் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவனைப் பற்றிச் சொல்லச் சொன்னார். தன்னைப் பற்றி என்ன இருக்கிறது சொல்ல என்று ஆரம்பத்தில் விழித்தவன், குதிரைகளில் தொடங்கியதும் நிற்கவில்லை. குதிரைகள் தீர்ந்ததும் அண்ணன் தம்பிகள் கதைக்கு வந்தான். யார் எதற்குத் தும்முவான், கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பவன் யார், வீராதிவீரன் என்று பெயரெடுத்தவன் பல்லியைக் கண்டால் எந்தத் தூணில் ஏறுவான் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். ராஜா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அரண்மனை வாசலில் சேறும் சகதியுமாக இறங்கிய ராஜாவைப் பார்த்து மந்திரிக்கு மயக்கமே வந்துவிட்டது. ராணி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தமும் சேற்று வாசனையும் வந்ததும், "வாடா, குதிரைக்காரா. அப்பாவை எங்கடா புரட்டி எடுத்துட்டு வந்திருக்கே?" என்றாள்.

ராஜா திகைத்துப்போனார். வந்தது இவன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"நடந்தாலும் நின்னாலும் வலது காலால தரையைத் தேய்ப்பான். குதிரைகிட்டக் கத்துக்கிட்ட பழக்கம். நூறுக்கும் எனக்கு அடையாளம் உண்டு."

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கவே இல்லையே" என்றாள் ராணி. அடுத்த தடவை தேரில் தனக்கும் இடம் வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவைத்தாள்.

விஷயம் மூத்தவன் காதுக்குப் போயிற்று. அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாள் சபை கூடியதும் எழுந்துவிட்டான். ராஜ வம்சத்தில் பிறந்தவன் தேரோட்டி வேலை பார்ப்பதா, வெளியே தெரிந்தால் நம் குடும்பத்தை யார் மதிப்பார்கள் என்று தூண் அதிரப் பேசினான். அடுத்தவன் வழக்கம்போல ஆமாம் போட்டான். நடுவிலவன் கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றான்.

ராஜா முழுசாகப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்.

"என் மகன் தேரை ஓட்டினான். நான் தேரைத் தூக்கினேன். வெட்கப்படணும்னா முதல்ல நான்தான் படணும். எனக்கு ஒண்ணும் வரலை. உனக்கு ஏம்ப்பா வருது?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூத்தவன் எல்லாரையும் முறைத்துப் பார்த்தான். அப்பாவிடம் எதிர்த்துப் பேச வழியில்லாமல் உட்கார்ந்தான். ராஜா அதோடு விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே அந்த நீளப் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டார். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார் போலும். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் சபையே திரும்பிப் பார்த்தது. நடுவிலவனுக்கே தன்னைத்தான் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். இனிமேல் தன் வெளிப்பயணத்துக்கெல்லாம் இவன்தான் தேரோட்டுவான், பழையவருக்கு அதே மரியாதையோடு ஓய்வு என்று ராஜா சொன்னார். பழைய தேரோட்டி வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு எல்லாரையும்விட உரக்க ஆமோதித்தார். தினமும் பூர்ண சந்திரனைத் தேடித் தேடி அவரும் களைத்துப்போயிருந்தார்.

அதற்குப் பிறகு தேரில் ராஜாவோடு யாராவது ஒரு நடு மகன் ஏறிக்கொள்வது வழக்கமாயிற்று. முதலில் ராஜா ஆளை மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருவனிடம் பல்லியைப் பற்றி விசாரிக்கப்போக, பல்லிக்குப் பயப்படுபவன் தான் இல்லை, தன் தம்பி என்று அவன் ரோஷப்பட்டான். ஆனால், மகனே என்று பொதுவாகக் கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றது. தெரியாவிட்டால், நீ யாருடா என்று நேராகவே கேட்டார். பிள்ளைகளும் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் ராணியும் மகளும் தேரில் ஏறினார்கள். ஊரைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத புல்வெளிக்கு வந்தார்கள். எதிரே என்ன இருக்கிறது என்று ராணி கேட்டாள். ஒன்றுமே இல்லை அம்மா, புல்லும் வானமும்தான் என்றான் நடுவிலவன். மரம்? இல்லை. பள்ளம்? இல்லை. ஆடு மாடு? அதுவும் இல்லை. ராணி எழுந்து, தடவித் தடவி முன்னால் வந்து அவன் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள்.

"அப்ப அந்தக் கடிவாளத்தை இங்க குடு."

அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை பக்கவாட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குடு அண்ணா என்று தலையாட்டினாள். கொடுத்தான். ராணி வார்களை விரல்களுக்கிடையில் ஓடவிட்டு எடை பார்த்தாள். பிறகு நாக்கைச் சொடுக்கினாள். குதிரைகள் காதை நிமிர்த்திக்கொண்டு கிளம்பின. நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் பாய்ச்சலாயிற்று. அவள் கண்கட்டின் நுனி காற்றில் படபடவென்று அடித்தது.

"இப்ப ஓட்டுறது யாரு?" என்று பின்னாலிருந்து ராஜா கத்தினார்.

"அம்மா" என்றான் நடுவிலவன்.

"கண்ணைக் கட்டிக்கிட்டா?"

"ஆமாம்ப்பா."

ராஜா இரண்டு கைகளாலும் தேர்த்தட்டைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் காற்று அறைந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லு" என்றார்.